பங்க் குழியின் ஆற்று மணல்

அஷ்டமி என்று யாராவது சொன்னாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அஷ்டமி என்ன செய்யும், பாவம். அதைச் சாக்காக வைத்துக் காரியம் பார்த்தவர்கள் மேல்தான் கோபம். அவர்களை ஒன்றும் செய்ய முடியாததால் திதியைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

கடலூரில் ஒரு சிறிய ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தண்ணீர், மண், ஆலைக் கழிவு என்று எது வந்தாலும் சோதித்துச் சொல்வோம். சிதம்பரத்தில் வேதியியல் படித்து முடித்த கையோடு இங்கே வந்து சேர்ந்தேன். வெளியே போய் மாதிரி எடுத்து வருவது என் பொறுப்பு. மாதிரி எடுப்பது என்றால் பாட்டிலில் மண்ணை அள்ளிப் போட்டு மூடுவது என்றுதான் ஊரில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். என் வீட்டுக்காரரும் அந்தப் பாதியில் சேர்த்தி.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையை அகலப்படுத்தியபோது எத்தனையோ கடைகளின் முகப்பு போனது. ஒரு பெட்ரோல் பங்க்கின் பம்புகள் இருந்த இடமே போய்விட்டது. அதற்கு மேல் அங்கே பங்க் நடத்த முடியாது என்று மூடினார்கள். மீதி நிலத்தை வாங்கி ஓட்டல் கட்ட ஒருவர் வந்தார். வந்தவர் விவரமானவர். பூமிக்குள் இருக்கிற டேங்குகளை எடுத்துவிட்டு, சுற்றியுள்ள மண் கெட்டிருக்கிறதா என்று சோதித்துக் காட்டினால்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் அந்த வேலை எங்களிடம் வந்தது.

இடத்தைப் பார்க்க நான் முதல் தடவை போனபோது, பங்க்கின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு பெண் கை தட்டிக் கூப்பிட்டார். அவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். தோளில் அளவு நாடா தொங்கியது. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவர்.

"மேடம், நீங்க தண்ணி டெஸ்ட் பண்றவுங்களா?" என்று கேட்டார்.

மண் சோதனைக்கு வந்திருக்கிறேன் என்றேன். அவர் விடவில்லை. உள்ளே போய் ஒரு சொம்பில் போர்வெல் தண்ணீரைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினார். வாசனை இருந்தது. லேசாகத்தான், ஆனால் இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் அது என்ன வாசனை என்று தெரியும்.

"ரெண்டு வருஷமா சொல்லிக்கினு இருக்கேன். பஞ்சாயத்துல கேட்டா ஒன் மோட்டார்ல ஆயில் ஒழுவுதுன்றான். மோட்டாரையே மாத்திட்டேன். பங்க்குல கேட்டா எங்க டேங்க் ஒழுவலன்றான். பூமிக்குள்ள இருக்கறத நான் எப்டி மேடம் காட்றது?"

அவருடைய மகள் வாசலுக்கு வந்து நின்றாள். நர்சிங் படித்தவள், பண்ருட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள்.

"அவுங்க டேங்க தூக்கப் போறாங்களாமே. தூக்குனா தெரிஞ்சிடும்ல?" என்றார் அந்த அக்கா.

"தெரிஞ்சிடும்க்கா" என்றேன். அதைத்தான் சொல்ல முடியும். டேங்க் கிடந்த குழியின் அடிமண்ணில் பெட்ரோல் இறங்கியிருந்தால், போர் தண்ணீர் ஏன் நாறுகிறது என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். பங்க்காரர்கள் பொறுப்பேற்றாக வேண்டும், வீட்டுக்கு வேறு தண்ணீர் வந்தாக வேண்டும். ஆனால் சந்தர்ப்பம் ஒரே ஒரு முறைதான். குழியை மூடி மேலே ஓட்டல் எழுந்துவிட்டால் யாரும் கடப்பாரையோடு வரப்போவதில்லை. இதையும் அவரிடம் சொன்னேன். அதனால்தான் அவருக்கு அந்த நாள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

டேங்க் தூக்குவது வெள்ளிக்கிழமை என்று முடிவானது. கிரேன் தூக்குகிற நேரத்தில் நான் அங்கே இருக்க வேண்டும். காரணம் எளிது. பெட்ரோல் பறந்து போகிற பொருள். மண்ணைக் கிளறி வெயிலில் போட்டால் கண்முன்னாலேயே காற்றோடு போய்விடும். டேங்க் எழுந்ததும் அடியிலும் பக்கங்களிலும் மண்ணை எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் விளிம்பு வரை இடைவெளி இல்லாமல் அடைத்து மூடி, ஐஸ் பெட்டிக்குள் வைத்து அன்றைக்கே ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும். மேஸ்திரியை உட்கார வைத்து இதை விளக்கியிருந்தேன். டேங்குகளைத் தோண்டி எடுக்கிற காண்டிராக்டரின் ஆள் அவர். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை ஐஸ் பெட்டியும் பாட்டில்களுமாகப் போய் இறங்கினேன். குழியைக் காணோம். டேங்குகளைக் காணோம். கிரேன் இல்லை, ஜேசிபி இல்லை. கல்யாணத்துக்குப் பந்தல் போடத் தயார் செய்த மாதிரி செம்மண் பரப்பி, நிரவி, தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். ஓரமாக எலுமிச்சம்பழமும் உடைத்த பூசணிக்காயும் கிடந்தன. மேஸ்திரி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு அஷ்டமி மேடம். ஆவாது. அதான் நேத்தே தூக்கிட்டோம்."

"சரி, தூக்கினீங்க. குழிய ஏன் மூடினீங்க?"

"தொறந்த குழிய ராத்திரி உட்டு வச்சா காவு கேக்கும் மேடம். போன வருசம் விழுப்புரம் சைட்ல அப்டித்தான் ஒரு பையன் உளுந்து கால ஒடிச்சிக்கினான். ரிஸ்க்கு எதுக்கு?"

எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே என்றேன். போட நினைத்தாராம், வேலை மும்முரத்தில் மறந்துபோச்சாம். பூசணிக்காய் வாங்க மறக்கவில்லை. எலுமிச்சம்பழத்துக்குக் குங்குமம் தடவ மறக்கவில்லை. மண்ணை எடுக்க வரவேண்டியவளை மட்டும் மறந்துவிட்டார்.

"இப்ப இன்னா மேடம், மண்ணுதான வேணும்? இதோ கெடக்குதே. நாலு பாட்டில் ரொப்பிக்கினு போங்க" என்று அந்தச் செம்மண்ணைக் காட்டினார். முந்தின நாள் பண்ருட்டிப் பக்கமிருந்து லாரியில் வந்து இறங்கிய மண் அது. பெட்ரோலை அது கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நோயாளியை அனுப்பிவிட்டு அவர் படுக்கைக்குப் புதிதாக வந்தவரின் ரத்தத்தை எடுக்கச் சொல்கிற கதை. நான் கத்தினேன். சாலையில் போன ஒரு சைக்கிள்காரர் இறங்கி நின்று வேடிக்கை பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

கத்தி ஓய்ந்த பிறகுதான் அடுத்த கேள்வி தோன்றியது. அந்தக் காலத்தில் பூமிக்குள் டேங்க் இறக்கினால் சுற்றிலும் ஆற்று மணலைத்தான் கொட்டி நிரப்புவார்கள். எதுவும் ஒழுகியிருந்தால் முதலில் குடித்திருப்பது அந்த மணல்தான். "டேங்க சுத்தி இருந்த மணல் எங்க?" என்றேன்.

மேஸ்திரியின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆத்து மணல் மேடம்! சும்மா சர்க்கரை கணக்கா இருந்துச்சு. இப்ப எங்க கெடைக்குது அது? எல்லாம் எம்-சாண்டுதான. நம்ம ஆளுங்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம். ரெண்டு லோடு கிள்ளை ஊருக்குப் போச்சு, பங்க் ஓனருக்கு வேண்டியவுங்க அங்க ஊடு கட்றாங்க. ஒரு லோடு பின்னாடி ஊட்டு அந்தம்மாவுக்குக் குடுத்துட்டோம். தண்ணி தண்ணின்னு ரொம்ப நாளா சத்தம் போட்டுக்கினு இருந்துச்சில்ல. இப்ப சைலண்ட்."

எங்கள் பக்கத்தில் ஆற்று மணலுக்கு என்ன மதிப்பு என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. கொள்ளிடத்திலும் பெண்ணையாற்றிலும் அள்ளக்கூடாது என்று ஆன பிறகு, வீடு கட்டுகிறவர்கள் அதைப் பற்றிப் பேசுகிற பேச்சைக் கேட்டால் நகையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைப்பீர்கள். பூச்சு வேலைக்கு மட்டுமாவது ஆற்று மணல் கிடைக்காதா என்று ஏங்காத ஆள் இல்லை. அதனால் அந்தக் குழியைத் திறந்தபோது அத்தனை பேர் கண்ணுக்கும் மணல் தெரிந்ததே தவிர அதில் இருந்த நாற்றம் தெரியவில்லை. மூக்கு என்று ஒன்று எல்லோருக்கும் இருந்தது. அதை அன்றைக்கு யாரும் உபயோகிக்கவில்லை.

பின்வீட்டுக்கு ஓடினேன். வாசலில் மணல் குவியல். மகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் என்று பக்கத்தில் ஓர் அறை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். சுவர் நின்றுவிட்டது, பூச்சு பாக்கி. கொத்தனார் சல்லடையைச் சாய்த்து வைத்துச் சலிக்கத் தொடங்கியிருந்தார். அக்கா என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"பாத்தியாம்மா, ஆத்து மணலு. கண்ணால பாத்து எத்தினி வருஷம் ஆவுது!"

நான் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டேன். மேலே வெளுப்பாக இருந்த மணல் உள்ளே சாம்பல் நிறமாக, பிசுபிசுப்பாக இருந்தது. கையை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன், முன்பு அவர் எனக்குச் சொம்பை நீட்டிய மாதிரி.

"மோந்து பாருக்கா. உன் தண்ணியில வர்ற அதே நாத்தம். நீ ரெண்டு வருஷமா தேடின சாட்சி இதுதான். இத வச்சா சுவர் பூசப் போற?"

"கொஞ்சம் கெரசின் வாடை வருது மேடம், வெயில்ல போட்டா போயிடும்" என்றார் கொத்தனார். போகும், உண்மைதான். சாட்சியும் அதோடு போகும்.

அக்காவின் சிரிப்பு நின்றது. ஆனால் மணலைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "இருக்கட்டும்மா, பூசல. தார்ப்பா போட்டு மூடி வைக்கிறேன்" என்றார். சாமானைப் பத்திரமாக எடுத்து வைக்கிற குரலில் சொன்னார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. குவியலின் நடுவில் தோண்டி இரண்டு பாட்டில் நிறைத்துக்கொண்டேன். செம்மண்ணைத் தொடவில்லை.

அலுவலகத்தில் மேலாளர் கொதித்தார். கேட்ட இடத்தில் எடுக்காமல் யார் வீட்டு வாசலிலோ எதற்கு எடுத்தாய் என்றார். அடுத்த நாளே வேறொருவரை அனுப்பி அந்தச் செம்மண்ணை அள்ளிவரச் சொன்னார். சோதனையில் என்ன வரும்? ஒன்றும் வரவில்லை. மண் சுத்தம் என்று முத்திரை குத்திக் கொடுத்தாகிவிட்டது. என் பாட்டில்களையும் கூட வேலை செய்கிறவர் கருவியில் போட்டுப் பார்த்தார். பெட்ரோல் அதில் கூச்சமே இல்லாமல் நின்றது.

"இருக்கட்டும். அது பங்க் மண்ணுன்னு யார் சொல்றது?" என்றார் மேலாளர். "அந்தம்மா எழுதிக் குடுக்குமா?"

கேட்கப் போனேன். நான் போவதற்கு முன்பே மேஸ்திரி வந்து போயிருந்தார். பர்மிட் இல்லாமல் ஆற்று மணலை வைத்திருந்தால் கேஸ் ஆகும், எங்கிருந்து வந்தது என்று வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கொடுத்தவரே மிரட்டுகிறார். இரண்டு வருஷம் ஒரு மனுஷி போட்ட சத்தத்தை ஒரு டிப்பர் மணலை வைத்து அடைத்துவிட்டார்கள்.

"எனக்கு வாணாம்மா இந்த வம்பு. பொண்ணு புள்ளத்தாச்சி. போலீசு கீலீசுன்னு வாசல்ல வந்து நின்னா நல்லாவா இருக்கும்?" என்றார் அக்கா.

"அம்மா, எழுதிக் குடு" என்றாள் மகள் உள்ளிருந்து.

"நீ சும்மா கெட."

நான் வண்டியை எடுத்துக்கொண்டு கடலூர் வரை வாய்க்குள் எல்லோரையும் திட்டிக்கொண்டே வந்தேன். காண்டிராக்டர், மேஸ்திரி, என் மேலாளர், இலவசமாகக் கிடைத்தால் எதையும் வாங்கிக்கொள்கிற அக்கா என்று ஒருவரையும் விடவில்லை. அறிக்கை அவர்கள் கைக்குப் போய்விட்டது, இனி ஓட்டல் வரும், அந்த வீட்டில் ஒரு குழந்தை பிறந்து அந்தத் தண்ணீரில் வளரும். நானும் வேறு பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போவேன். இதுதான் நடக்கும் என்று நினைத்தேன்.

நடந்தது வேறு. மணல் கிடைக்காத யாரோ ஒருவருக்கு வயிறு எரிந்து, பின்வீட்டில் ஆற்று மணல் பதுக்கியிருக்கிறார்கள் என்று புகார் சொல்லிவிட்டார். உடனே வந்துவிட்டார்கள் அதிகாரிகள். தண்ணீர் நாறுகிறது என்று அந்த அக்கா படியேறி இறங்கியபோது ஒருவருக்கும் ஜீப் கிடைக்கவில்லை. மணல் என்றதும் ஜீப், டிராக்டர், ஆட்கள் எல்லாம் கிடைத்தன. குவியலை வாரிக்கொண்டு போய்த் தங்கள் அலுவலக வளாகத்தில் கொட்டி வைத்தார்கள். பறிமுதல் செய்கிற மணலை அங்கே கொட்டுவதுதான் வழக்கம். எந்த அலுவலகம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஜன்னலுக்குக் கீழே கொட்டினார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த வாரம் நல்ல வெயில். தார்ப்பாய் இல்லாத குவியல் சூடேறி நாற ஆரம்பித்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தலைவலியாம், வாந்தி வருகிற மாதிரி இருக்கிறதாம். ஆய்வகத்துக்குப் போன் வந்தது, அவசரம், இன்றைக்கே வாருங்கள் என்று. மேலாளர் என்னைத்தான் அனுப்பினார். நான் போனபோது அதிகாரி மூக்கில் கைக்குட்டையோடு வாசலில் நின்றிருந்தார்.

"என்ன மேடம் இது, உக்கார முடியல. இதுல என்னா இருக்குது பாத்து சொல்லுங்க."

"எங்க எடுத்த மணல் சார் இது?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

"பங்க் டேங்க் குழில அள்ளுனது மேடம். நாங்களே விசாரிச்சிட்டோம். டிப்பர் டிரைவரு, மேஸ்திரி எல்லாம் ஒத்துக்கினாங்க" என்றார் பெருமையாக. கேஸ் பலமாக நிற்க வேண்டும் என்று அவர்களே அக்கறையாக எல்லாவற்றையும் கேட்டுப் பதிவு செய்திருந்தார்கள். அக்காவின் வாயிலிருந்து வராத வார்த்தை அந்த அதிகாரியின் வாயிலிருந்து வந்துவிட்டது.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு வாரம் மூக்கில் ஏறியதற்கு இவ்வளவு அவசரம் என்றால், இரண்டு வருஷம் தொண்டையில் இறங்கியதற்கு எவ்வளவு அவசரம் இருந்திருக்க வேண்டும்? அதை அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அது வேற டிபார்ட்மெண்ட் மேடம்" என்றார்.

சேதி நிலம் வாங்க வந்தவர் காதுக்குப் போனது. குழியைத் திரும்பத் தோண்டிக் காட்டாவிட்டால் எனக்கு இந்த இடமே வேண்டாம் என்றுவிட்டார். தோண்ட வைத்தது சட்டம் இல்லை, அதிகாரி இல்லை, நாங்கள் இல்லை. ஓட்டல் கட்ட வந்தவரின் பயம்தான் தோண்ட வைத்தது. அதே மேஸ்திரி அதே ஜேசிபியோடு வந்தார். அன்றைக்கு என்ன திதி என்று அவரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

செம்மண் போய்க்கொண்டே இருந்தது. அதற்குக் கீழே பழைய களிமண் வந்ததும் ஜேசிபி டிரைவர் கையால் மூக்கைப் பொத்தினார். கருநீலமாக, நெய் பூசின மாதிரி மினுமினுப்பாக இருந்தது அந்த மண். நான் குழிக்குள் இறங்கி அடியிலும் பக்கங்களிலும் எடுத்தேன். பின்வீட்டுச் சுவர்ப் பக்கம்தான் நாற்றம் ஜாஸ்தி. பாட்டில்களை அடைத்து மூடி ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன்.

மேலே ஏறி வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றிருந்தார். மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது என்று சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தார். கையில் கூடை. குழியிலிருந்து வந்த காற்று அவர் வரைக்கும் போயிருக்கும்.

"தெரிஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சிடுச்சுக்கா. நீ சொன்னது அத்தனையும் நெசம். இனிமே யாரும் உன் மோட்டார் ஆயில்னு சொல்ல முடியாது."

எனக்குக் குரல் உயர்ந்திருந்தது. ஜெயித்துவிட்ட மாதிரி சொன்னேன். அவர் முகம் மலரும் என்று காத்திருந்தேன். அவர் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிக்கறதுக்கு அவளுக்கு மட்டும் கேன் தண்ணி வாங்குனேன்" என்றார். "சோறு இதுலதான் ஆக்குனேன். ரசம் வச்சது, கஞ்சி வச்சது எல்லாம் இதுலதான். வந்த நாள்ல இருந்து இதத்தான சாப்பிட்டா."

நான் ஐஸ் பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் சொன்னது பொய்யாவே இருந்திருக்கக் கூடாதாம்மா" என்று சொல்லிவிட்டு, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.